பதில் வராத பங்கர்

பக்கத்து அறையில் யாரோ எதையோ தட்டினார்கள். டொக், டொக், டொக். சற்று நிறுத்தி, மறுபடியும் மூன்று.

அருள்ராஜின் கையிலிருந்த சோற்றுத் தட்டு கட்டிலில் சரிந்தது.

“என்னப்பா ஆச்சு?” என்றார் எதிர்க் கட்டிலில் படுத்திருந்த சிவகங்கைக்காரர் பொன்னுச்சாமி. “யூனிபார்முக்கு அளவெடுக்க டைலர் வந்திருக்காரு. அவரு கத்திரியத் தட்டுறதுக்கா இப்படிப் பயப்படுறே? மொதல்ல அந்தக் கதவச் சாத்து. ஏசி காத்து பூராம் வராண்டாவுக்குத்தான் போகுது.”

துபாயின் அல் கூஸ் தொழிலாளர் கேம்புக்கு அருள்ராஜ் வந்து ஒன்றரை வருடமாகிறது. அன்று முதல் இதே சண்டைதான். 2003 பிறந்தும் ஓயவில்லை. கதவு எப்போதும் ஒரு சாண் திறந்திருக்க வேண்டும் அவனுக்கு. ஏன் என்று யாரிடமும் சொன்னதில்லை.

வன்னியில், இயக்கத்தில், அவனுக்கு வைத்த பெயர் சேரன். பெரிய வீரனெல்லாம் இல்லை. மண் வெட்டினான், மணல் மூட்டை அடுக்கினான், மழைத் தண்ணீரில் கால் ஊறக் காவல் நின்றான். நாற்பது அடி தள்ளி அடுத்த பங்கரில், பதுங்குகுழியில், கதிர். சொந்தப் பெயரும் ஊரும் சொல்லிக்கொள்ளக் கூடாது என்பது கட்டளை. வோக்கி டோக்கியில் பேசினால் ஆமிக்குக் கேட்கும். அதனால் இருவரும் அலவாங்கை, கடப்பாரையை, மண்ணில் நட்டு வைத்துக் கல்லால் தட்டினார்கள். மூன்று தட்டினால், ‘முழிச்சிருக்கிறியா?’ பதிலுக்கு இரண்டு தட்டினால், ‘ஓம்.’ பசி வந்தால் தாறுமாறாகத் தட்டி ஒருவரையொருவர் திட்டிக்கொண்டதும் உண்டு.

ஒரு விடியற்காலை ஆமியின் செல் குண்டு மழையாய் விழுந்தது. பின்வாங்கச் சொல்லிக் கட்டளை வந்தது. சேரன் மூன்று தட்டினான். பதில் இல்லை. மறுபடியும் தட்டினான். நாற்பதே அடி, ஓடிப்போய் எட்டிப் பார்த்திருக்கலாம். பார்க்காமல் ஓடிவந்தான்.

மூன்று மாதம் கழித்து, இறந்தவர்களின் பட்டியலில் கதிரின் பெயர் வந்தது.

என்றாவது அந்தப் பதில் வந்தால், கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறவனுக்கு எப்படிக் கேட்கும்? தலையணைக்கடியில் மாமி மகள் அருணாவின் கடிதம் மூன்று மாதமாகக் கிடந்தது. ‘ஓம் எண்டோ இல்லை எண்டோ ஒரு வரி எழுதுங்கோ, காத்திருக்கிறன்.’ கூட்டாளியைச் சாகவிட்டு ஓடியவனுக்குக் கல்யாணம் ஒரு கேடா? ஓம் என்று எழுத மனம் கூசியது. இல்லை என்று எழுதக் கை வரவில்லை.

டொக், டொக், டொக்.

சோறு ஒட்டிய கையாலேயே சுவரில் இரண்டு தட்டினான் அருள்ராஜ்.

அந்தப் பக்கம் ஓசை நின்றது. பிறகு கத்திரி தரையில் விழும் சத்தம். கழுத்தில் அளவு நாடாவோடு, வலது காலை இழுத்து இழுத்து ஒருவன் வாசலுக்கு வந்தான்.

“சேரன்?”

“கதிர்...”

“யாருப்பா சேரன்? இவன் அருளுல்ல?” என்று எழுந்து உட்கார்ந்தார் பொன்னுச்சாமி. இருவரும் கட்டிக்கொண்டு அழுவதைப் பார்த்ததும், சரிந்து கிடந்த சோற்றுத் தட்டை எடுத்து நிமிர்த்தி வைத்தார்.

“நீ பதில் தட்டேல்லையடா. நான் எட்டிப் பாக்காம ஓடிட்டன்.”

“பாத்தாலும் நான் அங்க இல்லையே! முதல் செல்லிலயே காயம். மெடிக்ஸ் பொடியள் என்னைத் தூக்கிக்கொண்டு போயிட்டாங்கள். வெறும் பங்கரைப் போட்டுத் தட்டியிருக்கிறாய், விசரா! எனக்கும் அந்தப் பழக்கம் போகேல்லை, கத்திரியாலயும் மூண்டுதான் தட்டுறன்.”

“அப்ப பட்டியலில வந்த பேர்?”

கதிரின் சிரிப்பு அணைந்தது. “கால் ஏலாதெண்டு என்னை வீட்டுக்கு விட்டிட்டாங்கள். என்ர பேரைப் புதுசா வந்த ஒருத்தனுக்கு வைச்சாங்கள். அங்க பேரைச் சும்மா விடமாட்டாங்களே. செத்தது அவன்தான். அவன்ர முகத்தைக்கூட நான் பாக்கேல்லை, மச்சான்.”

அருள்ராஜ் அவன் தோளைப் பிடித்துக் கட்டிலில் உட்கார வைத்தான்.

“உன்ர சொந்தப் பேர் என்னடா?”

“யோகலிங்கம். உன்ர?”

“அருள்ராஜ்.”

“எட, நீ வேதக்காரனே, சேர்ச்சுக்குப் போறவனே! ரெண்டு வருசம் பக்கத்தில கிடந்தும் தெரியாமப் போச்சு.”

வெளியே வேன் ஹாரன் அலறியது. “முதலாளி நெய்னா முகம்மது காக்கா கத்துறார். தேராவில அவரின்ர தையல் கடையிலதான் வேலை. அடுத்த வெள்ளி வா.”

“ரெண்டு நிமிசம் பொறு.”

தலையணைக்கடியிலிருந்து கடிதத்தை எடுத்தான். ஒரு தாளில் ‘ஓம், அருணா’ என்று எழுதினான். அதற்குமேல் எழுத்து தெரியவில்லை, கண் நிறைந்துவிட்டது. அப்படியே உறையில் போட்டு ஒட்டி, விலாசம் எழுதி நீட்டினான். “இதை இண்டைக்கே தபாலில போட்டுவிடு.”

“ஆரடா இந்த அருணா?”

“மூண்டு மாசமாத் தட்டிக்கொண்டிருக்கிறவள். நான்தான் பதில் குடுக்கேல்லை.”

யோகலிங்கம் உறையைச் சட்டைப் பைக்குள் வைத்து, அதன்மேல் ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொண்டான். “அப்ப வரட்டே, அருள்?”

இழுத்து நடக்கும் அந்தக் காலடி வராண்டாவில் தேய்ந்து, வேன் கிளம்பும்வரை அருள்ராஜ் வாசலிலேயே நின்றான். பிறகு உள்ளே வந்து கதவைச் சாத்தித் தாழ் போட்டான்.

“அடேயப்பா!” என்று போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார் பொன்னுச்சாமி. “இந்த ரூம்ல ஏசி ஓடுறது இன்னைக்குத்தான்யா தெரியுது.”