தாலியும் ஹெல்மெட்டும்

போன ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சர்ச்சுக்குப் போகவில்லை. ரேஸ் டிராக்குக்குப் போனோம். பாஸ்டர் இதைப் படித்தால் மன்னிக்கவும்.

ஓட்டப் போனது நானில்லை... என் மனைவி ஸ்டெல்லா. இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு அவளைத் தெரியும். புதியவர்களுக்காகச் சொல்கிறேன் — சேலையூர் பக்கம் ஒரு பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு பிசிக்ஸ் எடுக்கிறாள். உராய்வு, மையவிலக்கு விசை என்று இத்தனை வருஷம் போர்டில் அம்புக்குறி போட்டவளுக்கு, ரிட்டயர் ஆவதற்குள் ஒரு தடவையாவது அதை வளைவில் உட்கார்ந்து பார்த்துவிட ஆசை. பெங்களூரில் இருக்கிற எங்கள் மகள், பிறந்தநாள் பரிசாக புக் பண்ணிக் கொடுத்துவிட்டாள்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருக்கிற டிராக் அது. சொந்தக் காரில் வருகிற சாதாரண ஜனங்களுக்கென்று சில நாள் திறந்துவிடுகிறார்கள். போட்டி கிடையாது, கோப்பை கிடையாது. ஆசை தீர ஓட்டிவிட்டு வீடு திரும்பலாம் — முழுசாக.

எனக்கு பயம். இதில் மறைக்க என்ன இருக்கிறது? ஸ்டெல்லா நன்றாகத்தான் ஓட்டுவாள். ஆனால் ஜிஎஸ்டி ரோட்டில் ஆட்டோக்களுக்கு நடுவே ஊர்ந்து போகிறவள், அங்கே நூறைத் தாண்டப் போகிறாள்.

வாசலிலேயே காரைச் சோதிக்க ஒருவர் வந்தார். டயரைப் பார்த்தார், பிரேக் ஆயிலைப் பார்த்தார், பேட்டரி ஆடுகிறதா என்று அசைத்துப் பார்த்தார். கதவைத் திறந்ததும் சிரித்துவிட்டார்.

“இன்னா மேடம், பாதி வூட்டையே தூக்கினு வந்துகீறீங்க? லூசா இன்னா கீதோ எல்லாத்தையும் எறக்கிடுங்க.”

இறக்கினோம். குடை, குஷன், தண்ணீர் கேன், திருத்தாத விடைத்தாள் கட்டு... சீட்டுக்கடியில் எந்தக் காலத்திலோ உருண்டுபோன ஒரு கொய்யாக்காய். அந்த வேகத்தில் பிரேக் அடித்தால் தண்ணீர் பாட்டில்கூடப் பறந்து வந்து மண்டையைப் பிளக்குமாம். கண்ணாடியில் செருகியிருந்த, சர்ச்சில் கொடுத்த குருத்தோலையையும் எடுத்து என்னிடம் நீட்டினார். அது பறந்து வந்தால் யாருக்கு வலிக்கும் என்று கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

உடைக்கும் சட்டம் இருக்கிறது. துப்பட்டா கூடாது. பாலியஸ்டர் கூடாது, தீப்பிடித்தால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். முழுக்கை காட்டன், லேஸ் கட்டிய ஷூ. ஸ்டெல்லா என்னுடைய பழைய காட்டன் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். அழகாகவே இருந்தாள் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

ஹெல்மெட் வாடகைக்குக் கிடைத்தது. நான் ஸ்கூட்டர் ஹெல்மெட்டைக் கொண்டுபோயிருந்தேன். பயிற்சி கொடுக்க வந்த நித்யா என்ற பெண், அதை ஒரு பார்வை பார்த்து, மரியாதையாக ஓரமாக வைத்துவிட்டார். பிறகு ஸ்டெல்லாவிடம் திரும்பினார்.

“வளையல், தோடு, மோதிரம் எல்லாம் கழட்டிடுங்க மேடம். கழுத்துல இருக்கிறதையும்.”

நான் முந்திக்கொண்டேன். “அது தாலிங்க.”

“தெரியும் சார். அதான் லாக்கர்ல வைக்கச் சொல்லலை. உங்ககிட்ட குடுக்கச் சொல்றேன்.”

பொறுமையாக விளக்கவும் செய்தார். பெல்ட்டை இறுக்கினால் உலோகம் நெஞ்செலும்பில் குத்தும். தீ என்று வந்துவிட்டால் தங்கம் சூடாகிச் சதையைச் சுட்டுவிடும். தன்னுடைய தாலியும் டிராக் நாட்களில் வீட்டுக்காரர் பாக்கெட்டில்தான் இருக்குமாம்.

பைபிளை எந்த மூலையிலிருந்து புரட்டினாலும் தாலி வராது. எங்கள் வீட்டில் நல்ல நேரம் பார்க்க மாட்டோம், சகுனம் பார்க்க மாட்டோம். ஆனால் தாலி என்று வந்துவிட்டால் மட்டும் நாங்கள் சுத்தத் தமிழர்கள்.

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று நான் தலையாட்டியிருந்தால் அவள் வண்டியைத் திருப்பியிருப்பாள். சண்டைகூடப் போட்டிருக்க மாட்டாள், பேசாமல் வீட்டுக்கு வந்து சாதம் வைத்திருப்பாள். அதை நினைத்ததும் எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது. கிட்டே போய் நானே கொக்கியைக் கழற்றினேன்.

யோசித்துப் பாருங்கள். ஹெல்மெட் போட்டால் போட்டவர் தலைக்குக் காவல். பெல்ட் போட்டால் போட்டவர் உயிருக்குக் காவல். மாட்டிக்கொள்வது ஒருத்தி, காப்பாற்றப்படுவது இன்னொருத்தன் — இப்படி ஒரு பாதுகாப்புச் சாதனம் உலகத்தில் வேறு எங்காவது உண்டா? இத்தனை வருஷம் அவள் என் ஹெல்மெட்டைச் சுமந்திருக்கிறாள். அன்றைக்குத்தான் தனக்கென்று ஒன்றைப் போட்டுக்கொண்டாள்.

முதல் இரண்டு சுற்று நித்யா கூட உட்கார்ந்து போனார். முன்னால் போன காரைப் பார்த்து ஸ்டெல்லா பழக்க தோஷத்தில் ஹாரன் அடித்தாளாம். இங்கே ஹாரனுக்கு வேலையில்லை, கொடியை மட்டும் பாருங்கள் என்று நித்யா சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு அவர் இறங்கிக்கொள்ள, எங்கள் சாம்பல் நிறக் கார் தனியாகப் போனது. வேலியோரம் நான். ஒவ்வொரு தடவை அது என்னைத் தாண்டிப் போனபோதும் முந்தையதைவிட வேகம் கூடியிருந்தது.

திடீரென்று தூரத்து வளைவில் புழுதி எழுந்தது. சிவப்புக் கொடி காட்டினார்கள். என்ன என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டேன். ஏதோ கார் வழுக்கிச் சுற்றிவிட்டது என்றார். எந்தக் கார்? அவருக்குத் தெரியவில்லை. புழுதியில் எனக்கும் தெரியவில்லை. கர்த்தாவே, கர்த்தாவே என்பதைத் தவிர வேறு ஜெபம் வாயில் வரவில்லை.

கார்கள் ஒவ்வொன்றாக மெதுவாகத் திரும்பி வந்தன. சிவப்பு வந்தது, வெள்ளை வந்தது, இன்னொரு வெள்ளை வந்தது. எல்லாவற்றுக்கும் கடைசியாக, ஜன்னலுக்கு வெளியே கையை உயர்த்திக் காட்டியபடி ஸ்டெல்லா வந்தாள். அப்படித்தான் கை காட்ட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்களாம்.

சுற்றியது அவளுக்கு முன்னால் போன கார். மண்ணில் இறங்கி நின்றுவிட்டது, ஓட்டியவருக்கு ஒன்றுமில்லை. ஸ்டெல்லா நிறைய இடம் விட்டுப் போனதால் பதறாமல் பிரேக் பிடிக்க முடிந்திருக்கிறது. ஜிஎஸ்டி ரோட்டில் அவ்வளவு இடம் விட்டால் மூன்று ஆட்டோ நுழைந்திருக்கும்.

ஹெல்மெட்டைக் கழற்றியபோது முகமெல்லாம் வேர்வை, முகமெல்லாம் சிரிப்பு. சொல்லிக் கொடுத்ததெல்லாம் நிஜம்தாங்க என்றாள். அவ்வளவு சந்தோஷமாக அவளைப் பார்த்து ரொம்ப நாளாகிறது.

சங்கிலியை மாட்டிவிடப் போனேன். கொக்கி சிக்கவே மாட்டேன் என்கிறது. மூன்று தடவை முயன்றும் நழுவியது.

“என்னங்க, ஓட்டினது நானா, நீங்களா?”

சொல்லிக்கொண்டே என் கையைப் பிடித்துத் திருப்பினாள். உள்ளங்கையில் தாலியின் அச்சு, சிவப்பாகப் பதிந்திருந்தது. அவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறேன் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அவள் சிரிப்பு நின்றது. கட்டைவிரலால் அந்த இடத்தை மெல்லத் தேய்த்தாள்.

“எனக்கும் இப்படித்தான் விழுந்துச்சு... உங்களுக்கு ஹார்ட்ல ஸ்டென்ட் வச்ச அன்னைக்கு.”

இத்தனை நாள் இதை என்னிடம் சொன்னதே இல்லை.

டிராக்கில் ஹெல்மெட் வாடகைக்குக் கிடைக்கிறது. வெளியே நின்று பயப்படுகிற ஆளை மட்டும் நாம்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.