பெருமாளின் பீடத்தில் அழிந்த எண்

முனுசாமியின் வேலையைப் பறித்தவன் நான். ஆணையில் கையெழுத்திட்டவர் சென்னை அதிகாரி. ஆனால் பறித்தவன் நான்தான்.

அறுபதுகளின் நடுவில், செஞ்சிக் கோட்டை அடிவாரத்தில் இருந்த ஓரறை அருங்காட்சியகத்துக்கு நான் பொறுப்பாளன். வரும் பொருள் ஒவ்வொன்றையும் அளந்து, எடை போட்டு, பதிவேட்டில் எழுதி, அதே எண்ணை வெள்ளைச் சாயத்தால் பொருளின் அடியில் தீட்டுவேன். சிங்கவரத்தில் வேர்க்கடலைக் கொல்லையை உழும்போது கிடைத்த ஒரு சாண் உயர வெண்கலப் பெருமாளுக்கும் அப்படியே தீட்டினேன். கை நடுங்கியது... பாசுரம் பாடி வளர்ந்தவன், பரந்தாமன் திருவடிக்குக் கீழே நாற்பத்தொன்று என்று எழுதலாமா?

கண்ணாடி அலமாரிக்குள் அவர் நீராட்டின்றி, அமுதின்றி நின்றார். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஓர் ஏகாதசிக் காலையில், யாரும் வருமுன் கதவைத் தாழிட்டு, புளியிட்டுத் தேய்த்து, பாலால் நீராட்டி, துளசி சாத்தினேன். களிம்பு நீங்கிப் பொன்னாய் ஒளிர்ந்தார். கண்ணீர் மறைத்த என் கண்ணுக்கு, களிம்போடு எண்ணும் போனது தெரியவில்லை.

மறுவாரம் சென்னையிலிருந்து தணிக்கைக்கு வந்த அதிகாரி சிலையைக் கவிழ்த்துப் பார்த்தார்.

"நம்பரை அழிச்சிருக்காங்க. சிலையை மாத்தத்தான் இந்த ஏற்பாடு. அலமாரிச் சாவி யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்ட ஒண்ணு. வாட்ச்மேன் முனுசாமிகிட்ட ஒண்ணு சார்" என்றேன்.

பொய்யா அது? இல்லையே... அதனால்தான் இன்னும் கொடியது.

முனுசாமி, அவன் குடும்பத்தில் முதன்முதலாகச் சர்க்கார் சம்பளம் வாங்கியவன். "எங்க ஊரு கோயில்லயே நான் வாசலோட சரி சார். இங்க வந்தா சாமியத் தொடப் போறேன்?" என்றான். அதிகாரி என் நெற்றித் திருமண்ணைப் பார்த்தார்; பிறகு அவனைப் பார்த்தார். என்னை அவர் ஐயுறவே இல்லை. எடை பதிவேட்டோடு ஒத்துப்போனதால், மாற்றப்படவில்லை என்று தெரிந்து சிலை தப்பியது. எண்ணை அழித்த பழிக்கு அவன் தப்பவில்லை.

சாவியை ஒப்படைக்க வந்த நாளில், காகிதத்தில் மடித்த ஒன்றையும் மேசைமேல் வைத்தான். காய்ந்த துளசி.

"அலமாரி அடியில கெடந்துச்சு சாமி. ஆபீசர் வர்றதுக்கு முன்னயே பெருக்கி எடுத்து வெச்சிட்டேன்."

"ஏன்டா அவர்கிட்ட சொல்லலை?"

"நான் சொன்னா யாரு நம்புவாங்க? நீங்கதான் சொல்லணும்."

வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றான். நான் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

இன்றும் கடைத்தெருவில் யாரேனும் என் நெற்றியைச் சற்று அதிகமாகப் பார்த்தால், இவனுக்குத் தெரியுமோ என்று ஐயுறுகிறேன். கைகூப்புபவனை ஐயுறுகிறேன். இதைப் படிக்கும் நீங்கள், முன்பே அறிந்தவரோ... யார் கண்டது? பாசுரம் முதலடியோடு நின்றுவிடுகிறது. அடுத்த அடியில் அவன் சைக்கிளோடு நிற்கிறான்.

அன்று அவன் போன பின்பு சாயக் குப்பியைத் திறந்தேன். பெருமாளைக் கவிழ்த்து, நாற்பத்தொன்று என்று மறுபடி தீட்டினேன்.

இம்முறை கை நடுங்கவில்லை.