நீலச் சட்டைக்காரன்

கொல்லங்கோட்டில் எங்கள் தெருவுக்கே இணையம் கொடுத்தவர், தோளில் ஒயர் சுருளை மாலைபோல் மாட்டிக்கொண்டு, ஏணி கட்டிய ஸ்கூட்டரில் வருவார். நெட்டையான ஆள், மையடித்த மீசை, முதுகில் கம்பெனிப் பெயர் போட்ட நீலச் சட்டை. ஒயர்களைப் பனைமரங்களில்தான் கட்டியிருந்தார். தூறல் போட்டாலே லைன் போகும். கூப்பிட்டால், "பனைமரம் ஆடுதுங்க, நான் என்னங்க பண்ணட்டும்?" என்பார்.

வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் நான், மேலாளர் முன்னால் வாயைத் திறந்தபடி திரையில் உறைந்து நின்று அலுத்துப் போனேன். ஊருக்கு இன்னொரு கம்பெனி வந்தது. போட்டி வந்தால்தான் இவருக்குப் புத்தி வரும் என்று அங்கே பதிவு செய்தேன்.

மறுநாள் அதே ஸ்கூட்டர், அதே ஏணி, அதே மீசை. சட்டை மட்டும் சிவப்பு.

"ஏனுங்க, நீங்களா?"

"பழைய லைன்ல என்னங்க பராதி, என்ன குறை?" என்று முன்பின் பார்த்திராதவர்போல் கேட்டார்.

கடுப்பில், "லைன் போனா அந்தாளு எட்டிக்கூடப் பாக்கறதில்லீங்க" என்றேன்.

"நானும் கேள்விப்பட்டனுங்க. பொறுப்பில்லாத ஆளு. இனி நாங்க பாத்துக்கறமுங்க" என்றவர், பழைய ஒயரின் நுனியையே புதுப் பெட்டியில் செருகினார்.

நேற்று மழை. லைன் போனது. சிவப்புச் சட்டையைக் கூப்பிட்டேன்.

"அந்த நீலச் சட்டைக்காரன் பனைமரத்துல கட்டுன கட்டு அவுந்துருச்சுங்க. அவனையெல்லாம் சும்மா விடக்கூடாதுங்க!" என்று கொதித்தார்.

கேட்கக் கேட்க எனக்கும் அவன்மேல்தான் கோபம் வந்தது.