மெர்ஸிக்குப் பதிலாக உட்கார்ந்தவள்

ஒரு நாளில் ஒன்பது மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு, சாயங்காலம் ஒரு மணி நேரம் வேகமாக நடந்தால் எல்லாம் ஈடாகிவிடுமா? எனக்குத் தெரியாது. வேதியியல் படித்தவள்தான். ஆனால் பல வருடங்களாக பாலக்காட்டில் வீட்டு மேசையில் மொழிபெயர்ப்பு வேலை. நடப்பது நல்லது, நடுநடுவே எழுந்திருப்பதும் வேண்டும் என்கிறார்கள். எவ்வளவு என்று கேட்டால் ஆளுக்கொரு பதில்.

இந்த ஜனவரியில் தேவிகுளம் போனதற்குக் காரணம் என் கல்லூரித் தோழி மெர்ஸி. அங்கே தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறாள். அவளுக்கும் நாள் முழுக்க நாற்காலிதான். டிசம்பரில் சர்க்கரை ஏறியிருந்தது. சாப்பாட்டைக் கவனியுங்கள், நடங்கள், ஒரே இடத்தில் உட்காராதீர்கள், ஒரு மாதத்தில் குறையாவிட்டால் மாத்திரை என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாத்திரைக்கு அவள் பயப்படவில்லை. மாத்திரை வந்தால் நடையை விட்டுவிடுவேன் என்று தன்னைப் பற்றித் தெரிந்துவைத்திருந்தாள். கெடு ஞாயிற்றுக்கிழமை முடிகிறது. நான் போனது சனிக்கிழமை.

காலை ஆறு மணிக்கு பாலக்காட்டில் ஏறி, பொள்ளாச்சியிலும் உடுமலையிலும் பஸ் மாறி, மறையூர் வழியாக மூணாறு சேர மதியம் ஒன்றரை மணி ஆயிற்று. அதிகம் உட்காரக் கூடாது என்று மெர்ஸியிடம் பேசப் போகிறவள் ஏழரை மணி நேரம் உட்கார்ந்தே போனேன். நடுவில் கொஞ்சம் எழுந்து நின்றேன்.

"ஏனுங்க, சீட்டு காலியாத்தானே இருக்குது, எதுக்கு நின்னுட்டு வர்றீங்க?" என்றார் கண்டக்டர்.

"காலு மரத்துப்போச்சுங்க."

"இந்த வளைவுல நின்னீங்கன்னா காலு ஒண்ணும் ஆகாதுங்க, மண்டைதான் உடையும். உக்காருங்க."

சின்னாறு சோதனைச்சாவடியில் பஸ் நின்றதும் முதல் ஆளாக இறங்கி நடந்தேன். அங்கிருந்து மேலே ஏற ஏற ஜன்னலில் சந்தன மரங்கள், கரும்பு, பிறகு தேயிலை. மூணாற்றிலிருந்து தேவிகுளம் எட்டு கிலோமீட்டர் இருக்கும். ஆட்டோவுக்கு முந்நூறு ரூபாய்.

மெர்ஸியின் மகளுக்கு பிப்ரவரியில் கல்யாணம். அன்று மாலை லயங்களுக்குப் பத்திரிகை வைக்கக் கிளம்பினோம். லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள். ஒரு லயத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே தேயிலைச் சரிவு, நல்ல ஏற்றம். நடைக்கு இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்தேன். பத்திரிகை வைக்க வந்தவர்கள் நின்றபடி போகக் கூடாது என்பதை மறந்திருந்தேன். போன வீட்டிலெல்லாம் நாற்காலி வந்தது, கூடவே சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீ. இன்னும் பத்துப் பதினைந்து வீடுகள். விடிந்தால் ரத்தப் பரிசோதனை.

மூன்றாவது வீட்டில் மெர்ஸி நாற்காலியில் பேருக்கு உட்கார்ந்துவிட்டு உடனே எழுந்தாள். அந்த வீட்டுக்காரி செல்வராணி, அப்போதுதான் கொழுந்து எடுத்துவிட்டு வந்தவள், இடுப்பில் கை வைத்தாள்.

"என்னக்கா, எங்க வீட்டு நாற்காலி சுடுதா? இல்ல, சம்பந்தி வீட்டு சோபாதான் வேணுமா?"

மெர்ஸிக்கு முகம் வாடிவிட்டது. வேறு வழியில்லாமல் டாக்டர் சொன்னதைச் சொன்னாள். செல்வராணி சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"காலையிலேருந்து சரிவுல நின்னு எனக்குக் கால் கடுக்குது. உங்களுக்கு உக்காந்து உக்காந்து சீக்கா? அந்த டீயை இங்க தாங்க. நானும் கூட வாறேன். நீங்க நின்னு பேசுங்க, உங்களுக்குப் பதிலா நான் உக்காருதேன்."

அப்படியே நடந்தது. அடுத்த வீட்டில் நாற்காலி வந்ததும் செல்வராணி அதில் சாய்ந்து, "மெர்ஸியக்கா உக்காந்தாச்சு, டீயைக் கொண்டாங்க" என்றாள். மெர்ஸி நின்றபடியே பெண்ணைப் பற்றியும் மாப்பிள்ளையைப் பற்றியும் பேசினாள். நாற்காலி நிறைந்தது, டம்ளர் காலியானது, யாருக்கும் மனக்குறை இல்லை. ஆறாவது வீட்டுக்குப் போவதற்குள் செய்தி எங்களுக்கு முன்னே போய்விட்டது. "உக்கார்ற ஆளு வந்தாச்சா?" என்று மேலிருந்து ஒரு குரல். நான் இவ்வளவு சிரித்துப் பல நாளாகிறது.

சரிவில் ஏறும்போது யோசித்தேன். எழுந்து நில் என்பது நாற்காலி வேலைக்காரர்களுக்கான அறிவுரை. செல்வராணிக்கு யாரும் அதைச் சொல்லத் தேவையில்லை. அவளுக்கு வேண்டியது உட்கார ஓர் இடம்.

இதே பாதையில் போகிறவர்களுக்கு: உடுமலையில் காலை பஸ்ஸைப் பிடியுங்கள், மதியத்துக்கு மேல் மேலே பனி இறங்கிவிடும். பஸ் நிற்கும் இடத்திலெல்லாம் இறங்கி நடங்கள். ஓடும் பஸ்ஸில் நின்று பார்க்காதீர்கள், கண்டக்டர் சொன்னது சரிதான். லயங்களுக்குத் தெரிந்தவர்களோடு போங்கள், டார்ச் கொண்டுபோங்கள். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் மலையேறும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மறுநாள் நடந்தது இதுதான். தோட்டத்துக்கு விடுமுறை என்பதால் செல்வராணியும் கிளினிக்குக்கு வந்தாள். அங்கே காலியாக இருந்தது ஒரே ஒரு நாற்காலி. அதில் அவள் உட்கார்ந்தாள், மெர்ஸி வராந்தாவில் நடந்துகொண்டிருந்தாள். நர்ஸ் வந்து "மெர்ஸி?" என்றதும் செல்வராணி பழக்கதோஷத்தில் எழுந்துவிட்டாள். "இதுக்கு மட்டும் நான் வரல" என்று உடனே உட்கார்ந்தும்கொண்டாள்.

அளவு டிசம்பரைவிடக் குறைந்திருந்தது. ஆனால் இருக்க வேண்டிய அளவுக்கு வரவில்லை. ஒரு சாயங்கால நடையால் குறைந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு மாதம் சோற்றைக் குறைத்திருக்கிறாள், தினமும் நடந்திருக்கிறாள். இன்னும் ஒரு மாதம் பார்க்கலாம், மாத்திரை இப்போது வேண்டாம் என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் செல்வராணி கேட்டாள்: "கல்யாணத்தன்னைக்கும் நீங்க நின்னுக்கிட்டுத்தானே இருப்பீங்க? அப்ப அந்த முன்வரிசை நாற்காலி எனக்கு."