மகனுடைய பரீட்சைத் தேதி

நான் எட்டாவது வரை படித்தவன். திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்ட் பக்கம் பை தைக்கும் கடை வைத்திருக்கிறேன். கிரிவலம் வருகிறவர்களின் பையில் ஜிப் போயிருக்கும், வார் அறுந்திருக்கும். தைத்துக் கொடுப்பேன்.

மகனும் மருமகளும் நெட்வொர்க் இன்ஜினியர்கள். கம்பெனி சென்னையில். வேலை, வேங்கிக்காலில் எங்கள் வீட்டு மாடி அறையில். இருவரும் ஒரு பெரிய பரீட்சைக்குப் படித்தார்கள். அந்தத் தொழிலில் அதற்கு மேல் பரீட்சை இல்லையாம்.

ரெண்டு பேருக்கும் ஒரே பரீட்சையா என்று ஒருநாள் சாப்பிடும்போது கேட்டேன்.

"பேரு ஒண்ணுதான் அத்தா. பிரிவு வேற. இவளுது ஆபீஸ் ஆபீசா ரோடு போடுற வேலை. என்னுது கேட்டுல நின்னு திருடன் வராம பாக்குற வேலை," என்றான் மகன்.

"வாட்ச்மேனுக்கா இவ்ளோ படிப்பு?" என்றாள் என் மனைவி.

மருமகளுக்குப் புரையேறிவிட்டது. "நல்லா கேளுங்க மாமி," என்றாள்.

முதலில் ஒரு எழுத்துப் பரீட்சை. அதில் தேறினால், மூன்று வருஷத்துக்குள் பெங்களூர் போய் எட்டு மணி நேரம் உட்கார்ந்து செய்து காட்ட வேண்டும். முதல் மூன்று மணி நேரத்தில், தாண்டிய கேள்விக்குத் திரும்ப முடியாதாம். இடம் கிடைப்பதும் கஷ்டம். பல மாதம் முன்பே பதிய வேண்டும்.

எழுத்துப் பரீட்சையில் இருவரும் தேறிவிட்டார்கள். பெங்களூருக்கும் பதிந்தார்கள். மருமகள் தேதி முதலில் வந்தது. மகன் தேதி அதற்கு மூன்று மாதம் கழித்து.

ஒரு காலை குளிக்கப் போனவன் விழுந்தான். நெஞ்சு. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. முப்பத்திரண்டு வயது.

கணவன் மௌத்தானால் எங்களில் மனைவி நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருப்பாள். இத்தா என்போம். மருமகளும் இருந்தாள். இரண்டாம் மாதக் கடைசியில் என்னிடம் வந்து நின்றாள்.

"மாமா, அடுத்த வாரம் என் பரீட்சை. பெங்களூருல."

"இத்தாவுல எப்படிம்மா போவ? ஜனங்க என்ன பேசும்? அத விடு. வேற தேதி இருக்கு. நான் பாத்துக்கறேன்."

"சரி மாமா," என்றாள். பதிவை ரத்து செய்தாள்.

நான் மனதில் வைத்திருந்தது மகனுடைய தேதியை. என் அத்தா பேரில் இருந்த கடை லைசென்ஸ் அவருக்குப் பிறகு என் பேருக்கு வந்தது. அதுபோல இதுவும் வரும் என்று நினைத்தேன். பரீட்சைக்குப் பேர் ஒன்று, ஊர் ஒன்று. அவன் இடம் காலியாகக் கிடக்க வேண்டாம், அவள் போய் உட்காரட்டும். அதை நினைக்கும்போது மட்டும் எனக்குக் கொஞ்சம் சோறு இறங்கியது. யாரிடமும் சொல்லவில்லை.

இத்தா முடிந்தது. மகன் தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. எங்கள் மூன்று பேருக்கும் பெங்களூர் பஸ்ஸில் டிக்கெட் எடுத்துவந்து அவளிடம் நீட்டினேன்.

"அவன் தேதி வருதுல்லம்மா. அதுல நீ எழுது."

டிக்கெட்டையே பார்த்தாள்.

"இதத்தான் வேற தேதின்னு சொன்னீங்களா மாமா?"

"ஆமா."

"அவர் சீட்டுல இன்னொருத்தர் உக்கார முடியாது மாமா. ஆதார் பாப்பாங்க. பேர மாத்தித் தந்தாலும் அது அவர் பிரிவு. அந்தப் பிரிவு எழுத்துப் பரீட்சைய நான் எழுதவேயில்ல. ஒரு பிரிவுல தேறினா அந்தப் பிரிவுக்குத்தான் போக முடியும்."

"அப்ப உன்னுதுக்கு வேற தேதி பாரு."

"அப்பவே பாத்தேன். காலியில்ல. மூணு வருஷம் இந்த மாசத்தோட முடியுது. இனிமே எழுத்துப் பரீட்சைலேர்ந்து எழுதணும்."

"அன்னிக்கே சொல்லக் கூடாதாம்மா?"

"நீங்க யார்கிட்டயோ பேசிட்டுத்தான் சொல்றீங்கன்னு நெனச்சேன். எனக்கும் அப்ப எதுவும் ஓடல."

டிக்கெட்டை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு மாடிக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் விஷயத்தைச் சொன்னேன்.

"அவசியம்னா பகல்ல போய்ட்டு ராத்திரிக்கு வீடு திரும்பலாமே பாய். தூரம் ஜாஸ்திதான். கேட்டிருந்தா உக்காந்து வழி பாத்திருப்போம். ஏன் கேக்கல?"

எனக்குத் தெரியும் என்று நினைத்துவிட்டேன். மார்க்கமும் தெரியும், பரீட்சையும் தெரியும் என்று.

வீட்டுக்கு வந்து ஹஜ்ரத் சொன்னதை அவளிடம் சொன்னேன். மறைக்க மனம் வரவில்லை.

"விடுங்க மாமா. நானும்தான் கேக்கல," என்றாள்.

"மறுபடி எழுதேம்மா. உனக்கு என்ன படிப்புக்குக் கம்மி?" என்றாள் என் மனைவி.

"எழுதலாம் மாமி. படிக்க உக்காந்தா அவர் எதிர்ல இருந்து கேள்வி கேக்கற மாதிரியே இருக்கு. பதில சொல்லிட்டு நிமிர்ந்து பாக்கறேன்."

அதற்குப் பிறகு நாங்கள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மகன் தேதி வந்தது. அன்று கடையைத் திறந்தேன். நாலு பை வந்தது, நாலையும் தைத்தேன். சாயங்காலம், அந்த எட்டு மணி நேரம் முடிந்திருக்கும் என்று நினைத்தேன்.

அடுத்த மாதம் அவள் அண்ணன் வந்து குடியாத்தத்துக்குக் கூட்டிப் போனான். கம்பெனி வேலையை அங்கிருந்து பார்க்கிறாள். வாரம் ஒருமுறை போன் செய்வாள். சாப்பிட்டீங்களா மாமா என்பாள். சாப்பிட்டேம்மா என்பேன். படிக்கிறாயா என்று கேட்க எனக்கு வாய் வருவதில்லை. அவளும் சொன்னதில்லை.