கடற்கரையில் ஒரு முன்னாள் அரசு ஊழியர்

அட்லாண்டிக் சிட்டியின் கடலோர மரப்பாதையில் காற்று தொப்பியைப் பிடுங்குகிறது. பெஞ்சில் என் பக்கத்தில் வேர்க்கடலை கொறிப்பவர் கண்ணன். எதிரே தெரியும் கேசினோவில் சீட்டுப் போடுகிற டீலர், இப்போது பிரேக். அவருக்கு அந்தப் பக்கம், குரங்குக் குல்லாவோடு, ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனார்.

"முன்னாடி கனடாவுல இதே வேலைதான் சார். ஆனா அது கவர்மென்ட் கேசினோ," என்கிறார் கண்ணன். "பொண்ணு பாக்கப் போனப்ப கவர்மென்ட் ஜாப்னு சொன்னோம். ஒரே வாரத்துல நிச்சயம்!"

"என்ன டிபார்ட்மென்ட்னு கேக்கலையா?"

"ஒருத்தரும் கேக்கல."

ஆரம்பத்தில் அங்கே உள்ளே நுழையவே வரிசையாம். பிறகு ஆற்றுக்கு அக்கரையில், அமெரிக்காவில், தனியார் கேசினோக்கள் திறந்ததும் கூட்டம் பாலம் ஏறிப் போய்விட்டது. மேசைகளை ஒவ்வொன்றாக மூடினார்கள். கண்ணன் தன் மேசை மூடும்வரை காத்திருக்காமல் இங்கே நியூஜெர்ஸிக்கு வந்துவிட்டார்.

நான் மாமனாரிடம் தயங்கித் தயங்கிக் கேட்கிறேன். "கேசினோன்னு தெரிஞ்சப்ப வருத்தமா இருந்துதா அங்கிள்?"

"அதுல என்ன வருத்தம்? நம்மூர்ல கவர்மென்ட்டே லாட்டரி விக்கலையா?"

பிரேக் முடிகிறது. கண்ணன் எழுந்து, கடலைத் தோலைத் தட்டிவிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டுகிறார். மேசையை விட்டு எழும்போது எதையும் எடுக்கவில்லை என்று கேமராவுக்குக் காட்டுகிற தொழில் பழக்கம். இங்கே கடற்காகங்கள்தான் பார்க்கின்றன.

மாமனாரும் அந்த வெறுங்கைகளைப் பார்க்கிறார்.

"பாத்தீங்களா தம்பி? கவர்மென்ட் வேலையையே வெச்சுத் தோத்துட்டாரு மாப்பிள்ளை!"