இருமாமல் நடந்த ஏரிக்கரை

அன்றைக்குப் பேத்தமங்கலம் ஏரிக்கரையில் இருந்தது மூன்றே பேர்: நைனா என்று நான் கூப்பிடும் என் அப்பா, அவரோடு கோலார் தங்கவயல் சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தில் ஒரே ஷிப்டில் வேலை பார்த்த கௌதமன் மாமா, நான். தண்ணீரில் எருமை தேய்த்துக்கொண்டிருந்த ஆளையும் சேர்த்தால் நாலு. அவர் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் சிரித்திருப்பார்.

இப்போது எதற்கு இந்தக் கதை என்றால், போன மாதம் டாக்டரம்மா எனக்குச் சர்க்கரை என்று சொல்லிவிட்டார். "மேடு ஏறாதீங்க, சமதரையில தினம் நாற்பது நிமிஷம் நடங்க." தங்கவயலின் கோரமண்டல் ஸ்டேஷனில் விடியுமுன் ரயில் பிடித்துப் பெங்களூருக்குப் போய், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் காவலுக்கு நிற்கிறவன் நான். அதன் பின்னால் ஒரு ஏரி, சுற்றிலும் கல் பதித்த நடைபாதை. வேலைக்கு முன் அங்கே நடந்தேன். பாதிச் சுற்றில் பாசியும் சேறும் கலந்த, பேத்தமங்கலத்து அதே வாடை வந்தது. கால் நின்றுவிட்டது. சர்க்கரை இறங்கிவிட்டதோ என்று பயந்து, பையிலிருந்த மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டேன். மிட்டாய் கரைந்தும் வாடை போகவில்லை. நைனா பக்கத்தில் நடந்து வருவதுபோலவே இருந்தது.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். படித்தவர்களுக்கு எந்த ஆபத்து வரும், எது வராது என்று தெரியும். எனக்கு எல்லாமே வரும் என்றுதான் தோன்றும். நைனா ராத்திரி இருமினால் எழுந்து உட்கார்ந்துகொள்வேன். இருமாவிட்டால் மூக்கருகே கை வைத்துப் பார்ப்பேன். "இன்னாடா, கீறேனா பூட்டேனான்னு பாக்குறியா?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்பார்.

சுரங்கத் தொழிலாளர்களுக்கான எங்கள் லைன் வீடுகளுக்குப் பின்னால், தங்கம் பிரித்தெடுத்த கழிவு மண்ணைக் கொட்டிய சைனைடு மேடு. சுரங்கம் மூடிய பிறகும் காற்றடித்தால் அந்த மண் வெள்ளையாகப் பறந்து வந்து சோற்றில் விழும். ஏற்கனவே பாறைத் தூசி அடைந்த நெஞ்சு நைனாவுக்கு. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏற்றி ஏரிக்குக் கூட்டிப்போக ஆரம்பித்தேன். கரை சமமாக இருக்கும். காற்றில் தூசி கிடையாது. என் கையில் பிளாஸ்க், மப்ளர், மாற்று பனியன், மழையே இல்லாத மாதத்திலும் ஒரு குடை. "கல்யாணப் பொண்ணுக்குக் கூட இவ்ளோ சீர் வராதுப்பா" என்பார் கௌதமன் மாமா.

இருமல் வருகிற மாதிரி இருந்தால் நான் உள்ளங்கையை மெல்ல உயர்த்துவேன். நைனா மூக்கால் இழுப்பார். கையைத் தாழ்த்துவேன், விடுவார். முதலில் இருபது அடி, பிறகு ஐம்பது. இதை நானே கண்டுபிடித்ததாக நெடுநாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

உண்மையில் நைனாவுக்கு அது பழைய பழக்கம். வேலை இருந்த காலத்தில் வருஷா வருஷம் டாக்டர் பரிசோதனை உண்டு. நெஞ்சு சரியில்லை என்று எழுதிவிட்டால், சுரங்கத்துக்குள் ஆள் இறக்கும் கேஜில் இறங்க முடியாது. மேலே ஏதாவது எடுபிடி வேலை, சம்பளமும் குறைவு. அதனால் பரிசோதனைக்கு முன் எல்லோரும் பனங்கற்கண்டை வாயில் அடக்கிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, இருமலை விழுங்கிவிட்டு உள்ளே போவார்கள். 'ஃபிட்' என்று எழுதி வாங்கி வந்தால் வீட்டில் கறிச்சோறு.

சுரங்கம் மூடிய பிறகு கதை தலைகீழாகிவிட்டது. தூசி நோய் உள்ளவர்களுக்குத் தனியாக ஒரு தொகை தருவதாகச் சொன்னார்கள். எக்ஸ்ரே பாதி சொல்லும். மீதியை நடக்கவைத்தும் ஊதவைத்தும் பார்ப்பார்களாம். அந்தப் பரிசோதனைக்கு முந்தின நாள்தான் நான் முதலில் சொன்ன நாள். அன்று நைனா கரையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒருமுறைகூட இருமாமல் நடந்தார். நான் கை தட்டினேன்.

கௌதமன் மாமா தட்டவில்லை. "யோவ், இன்னிக்கு நடந்த நடைய இத்தோட மறந்துடு. நாளைக்கு நல்லா இருமணும், தெரிதா?"

"அதெல்லாம் தானா வரும்பா. அத்தயுமா சொல்லிக் குடுக்கணும்?" என்றார் நைனா.

மறுநாள் மாமாதான் முதலில் உள்ளே போனார். வாசலிலேயே குடல் வெளியே வருகிற மாதிரி இருமினார். அடுத்து நைனா. நான் கதவருகே நின்றேன். "நடங்க" என்றார் டாக்டர். நைனா நடந்தார். நாலாவது அடியில் முகம் சிவந்து, தோள் குலுங்கியது. இருமல் வந்துவிட்டது. என் கை தானாக உயர்ந்தது.

நைனா என்னைப் பார்த்துவிட்டார். மூக்கால் இழுத்தார். கையைத் தாழ்த்தினேன், விட்டார். நெஞ்சு நிமிர்ந்தது. சுவர்வரை போய்த் திரும்பி வந்தார்.

வெளியே வந்ததும் என் தோளைத் தட்டி, "ஃபிட்டுன்னு எழுதிட்டாருடா!" என்றார். அந்தச் சந்தோஷத்தை நான் பார்த்தேன். படியிறங்குவதற்குள் அது முகத்திலிருந்து வடிந்துபோனதையும் பார்த்தேன். "அய்யய்யோ" என்று படியிலேயே உட்கார்ந்தார். பிறகு நிற்காமல் இருமினார். உள்ளே அடுத்த பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

நைனா என்னைக் குறை சொல்லவில்லை. "முப்பது வருசம் பழகின நெஞ்சு. நீ இன்னாடா பண்ணுவ?" என்றார். மனு எழுதிப் போட்டோம். பதில் வரவில்லை. மூச்சு அடைத்துப் படுத்த பிறகு ஆக்சிஜன் சிலிண்டருக்குப் பணம் கொடுத்தது மாமாதான். தனக்கு வந்த தொகையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். "என் இருமல் காசுதானே, உங்கப்பன் மூச்சுக்குப் போவட்டும்." இரண்டு கோடைதான் தாங்கினார் நைனா. அடுத்த மழைக்கு மாமாவும் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கு யாரும் போவதில்லை. முன்பெல்லாம் விடியற்காலையில் எங்கள் லைனில் யார் எழுந்துவிட்டார்கள் என்பதை இருமலை வைத்தே சொல்லலாம். இப்போது ரயிலுக்கு நடக்கும்போது ஒரு வீட்டிலும் சத்தமில்லை. யாருக்கும் குணமாகவில்லை, ஆள்தான் இல்லை. நந்திதுர்க் சுரங்க லைனில் மாமா வீடு பூட்டிக் கிடக்கிறது. அவர் மகள் எந்த ஊருக்குப் போனாள் என்று கேட்டுப் பார்த்துவிட்டேன், தெரிந்தவர் இல்லை. சிலிண்டருக்கு மாமா கொடுத்த பணத்தை, அவர் இருந்தவரை மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்துவந்தேன். அது போக, ஆறாயிரத்து நானூறு ரூபாய் இன்னும் பாக்கி.